மூன்று அய்யாக்குட்டிகள்

எனக்கு லீவு கிடையாது. மாடிப்படிக்குக் கீழே சாக்கை விரித்து மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? ஆனாலும் 1961-ஆம் வருஷம் தென்காசி வட்டாரத்தில் லீவைப் பற்றி என்னைவிட அதிகப் பக்கம் எழுதியவன் எவனும் இருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்லுகிறேன்.

நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டு அப்பேர்ப்பட்ட படிக்கட்டு. ஏறிப்போனால் ‘தொழிலாளர் வருடாந்தரச் சம்பள விடுப்பு உரிமை நிர்ணய அலுவலகம்’. கட்டடத்தின் அகலம் பலகைக்குப் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்துப் பாத்திரக்கடைச் சுவரின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஆட்சேபித்துப் பாத்திரக்கடைக்காரர் ஒரு மனு போட்டார். அதையும் நான்தான் எழுதினேன்.

இந்த அலுவலகம் யாருக்கும் லீவு கொடுக்காது. எந்த வகைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு எத்தனை நாள் லீவு உரிமை உண்டு என்று கணக்குப் பண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். சட்டம் என்னவோ சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஃபாக்டரித் தொழிலாளியா, வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்திருந்தால் இருபது நாளைக்கு ஒரு நாள். கடைச் சிப்பந்தியா, ஒரு வருஷம் விடாமல் வேலை செய்திருந்தால் பன்னிரண்டு நாள். நாலாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் போட்டுவிடும். அதைப் போடத்தான் மேலே பதினோரு பேர், நாலு மின்விசிறி, ஒரு டவாலி.

“சிக்கல் கணக்குல இல்லவே, வகையில இருக்கு” என்பார் ஹெட்கிளார்க் செல்லப்பா. வெற்றிலை போடாதபோதும் வாயை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துப் பேசுகிறவர். “நாளை எண்ணுததுக்கு முன்னால ஆளை எண்ணணும். ஆளு எந்த வகைன்னு தெரியாம நாளை எண்ணி என்ன செய்ய?”

பேராச்சி என்று ஒரு அம்மாள், அரிசி மில்லில் நெல் அவித்துக் காயப்போடுகிறவள். அவிக்கும்போது தலைக்குமேல் கூரை இருப்பதால் ஃபாக்டரித் தொழிலாளி. களத்தில் காயப்போடும்போது மேலே வானம்தான் இருப்பதால் ஃபாக்டரித் தொழிலாளி இல்லை. தினமும் எத்தனை மணி நேரம் கூரைக்குள் இருந்தாள் என்று எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். “நெல்லு காயாம நான் எங்கனய்யா உள்ள போவேன்?” என்று கேட்டாள். அதையும் மனுவாக எழுதித் தரச் சொன்னார்கள்.

கிதிர் முகம்மது ஆசுபத்திரிக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையில் சிப்பந்தி. கடை வாசலில் ஒரு தையல் மிஷின் இருந்தது. மிஷின் இருந்தால் அது கடையா, ஃபாக்டரியா என்று விசாரணை மூன்றாவது வருஷமாக நடந்தது. அவர் லீவு கேட்டது கல்யாணத்துக்கு. மூத்த பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். “விடமாட்டேன் அண்ணாச்சி, சுன்னத்துக்காவது உதவும்” என்று புதன்கிழமை தவறாமல் வருவார்.

ஆபீசர் பெயர் தாணுலிங்கம். ஒரு வெற்றிலைகூட யாரிடமும் வாங்கமாட்டார். வாங்குகிறவராக இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அவருடைய சொந்த லீவு மட்டும் வருஷா வருஷம் ஒரு நாள் பிசகாமல் கிடைத்துவிடும். அது போக, ஆடி மாதம் சாரல் நன்றாக விழுகிற சமயத்தில் குற்றாலத்தில் அவருக்கு எப்படியும் ஒரு ஸ்தல விசாரணை இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மாசி மாதம் அய்யாக்குட்டி வந்தார். நெடுநெடுவென்று ஐம்பது வயது ஆள். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரு பித்தளை விசில்.

குற்றாலத்தில் அருவி ஸ்நான வசதிக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதில் பத்தொன்பது வருஷமாக அவர் ஒருவர்தான் வேலை செய்தார். மற்றவர்கள் மெம்பர்கள். அருவிக்கு எதிரே ஒரு பாறையில் ஏறி நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. மலைமேல் மழை கொட்டினால் கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரியாது. முதலில் தண்ணீரின் சத்தம் கனக்கும். பிறகு சருகு வரும். பிறகு நிறம் மாறும். நிறம் மாறிய பிறகு ஓடுகிறவன் பிழைப்பது சந்தேகம். ஆகையால் சத்தம் மாறும்போதே விசிலை ஊதி எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் அவர் நின்ற நேரத்தில் ஒரு உயிர் போனதில்லை.

“பன்னெண்டு நாள் லீவு வேணும் அண்ணாச்சி” என்றார். “எம் மக செண்பகவல்லிக்கு ஆடி கடைசியில தலைப்பிரசவம். ராயகிரியில குடுத்திருக்கேன். மாப்பிள்ளை கொழும்புல கடையில நிக்காரு. மாமியாக்காரி, தலைப்பிரசவம் பொறந்த வீட்டு வேலை, ஆசுபத்திரியில கொண்டு விடுதேன், பாத்துக்கிட ஆளு உண்டான்னு கேக்குதா. பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். பதினோராம் நாள் தீட்டுக் கழிச்சு, பன்னெண்டாம் நாள் தாயையும் புள்ளையையும் வீட்டுல கொண்டு சேக்கணும்லா.”

“கமிட்டியிலே கேட்டீரா?”

“செக்ரட்டரி ஆதித்தன் ஐயாகிட்ட கேட்டேன். நீரு எந்த வகைத் தொழிலாளின்னு தென்காசி ஆபீசுல எழுதி வாங்கிட்டு வாரும், அது இல்லாம போனா வேலை போயிரும்னுட்டாவ. போன தடவையும் இதத்தான் சொன்னாவ.”

போன தடவை என்றால் நாலு வருஷத்துக்கு முன்னால். அவர் மனைவி பிச்சம்மாள் தென்காசி ஆசுபத்திரியில் கிடந்தபோது. லீவு கேட்டார். எத்தனை நாள் பாத்தியதை என்று மேலே கேட்டு எழுதியிருக்கிறது, பதில் வரட்டும் என்றார்கள். ஆறாம் நாள் பிச்சம்மாள் போய்விட்டாள். பதில் இன்னும் வரவில்லை. பதினைந்து வயதுப் பெண் செண்பகவல்லி தனியாக ஆசுபத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். இவர் அருவிக்கரையில் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

மடியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து என்னை வாசிக்கச் சொன்னார். மகள் எழுதியது. நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் இரண்டு வரி: “அம்மைக்குத்தான் வரல. எனக்காவது வாசல்ல வந்து நில்லுங்கப்பா.”

அன்றைக்கு மனுவை இரண்டு தடவை எழுதினேன். முதலில் எழுதியதில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது.

செல்லப்பா மனுவை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தார். “அருவி ஃபாக்டரியாவே?”

“இல்லய்யா. அருவிதான்.”

“மிஷின் ஓடுதா?”

“தண்ணி விழுது.”

“எத்தனை குதிரை சக்தி?”

“யாரு கண்டா? அடியில நின்னா ஆளை மடக்கிப் போட்டுரும்.”

“சக்தி உண்டு, அளவு தெரியலை” என்று எழுதிக்கொண்டார். “சரி, கடையா? குளிக்க வாரவன்கிட்ட காசு வாங்குதீரா?”

“அருவியில குளிக்க எவன்யா காசு குடுப்பான்?”

“அப்ப நஷ்டத்துல ஓடுத கடைன்னு வச்சுக்கிடுவோம். எஸ்டேட்டா இருக்குமோ? சுத்திலும் மரம் நிக்குல்லா. யாரு நட்டது?”

“கொரங்கு தின்னு போட்ட கொட்டையில முளைச்சது.”

செல்லப்பா பேனாவை மூடினார். முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் இப்படி ஒரு தொழிலாளியை அவர் பார்த்ததில்லையாம். அய்யாக்குட்டியின்மேல்தான் தப்பு என்கிற மாதிரிச் சொன்னார்.

விஷயம் ஆபீசரிடம் போனது. பங்குனியில் விசாரணை. மனுதாரர் தமது ஒரு வருஷ வேலையைத் தாமே வாயால் சொல்லவேண்டும் என்றார் தாணுலிங்கம். அய்யாக்குட்டிதான் பொய் சொல்லத் தெரியாத மனுஷனாச்சே. நான் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தார்.

“தண்ணி அளவா விழும்போது விசில் ஊதுதேன் ஐயா. வெள்ளம் வந்துட்டா குறுக்க கயித்தைக் கட்டி, ஒரு பயலையும் உள்ள விடாம நிக்கேன். கோடையில தண்ணி வத்துனப் பெறவு தேங்கா நாரும் மணலும் வச்சுப் பாறையில பாசி தேய்க்கேன். தேய்க்கலன்னா அடுத்த சீசனுக்கு வாரவங்க வழுக்கி மண்டைய உடைச்சுக்கிடுவாவ.”

தாணுலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். “செல்லப்பா, இவர் ஒரு தொழிலாளி அல்ல. மூன்று தொழிலாளிகள்!”

“நான் ஒருத்தன்தான்யா” என்றார் அய்யாக்குட்டி.

“உடம்பு ஒன்று என்பது உம்முடைய சொந்த விஷயம். அரசாங்கம் உடம்பைப் பார்ப்பதில்லை, தொழிலைப் பார்க்கிறது. எச்சரிக்கைத் தொழிலாளி வேறு, காவல் தொழிலாளி வேறு, சுத்திகரிப்புத் தொழிலாளி வேறு. மூன்று பேரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி இத்தனை வருஷம் உங்கள் கமிட்டி உங்களுக்கு அநீதி இழைத்திருக்கிறது. அதை நான் அனுமதிக்கமாட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நியாயம் கிடைக்கும்.”

நியாயம் கிடைக்க, எந்தெந்த நாள் அருவியில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். கிராம முன்சீப்பிடம் போனோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “விழுந்த தண்ணி இப்ப சித்தாத்துல போயி, தாமிரபரணியில சேந்து, கடல்ல கலந்திருக்கும். அதப் பாக்காம நான் எப்படிவே கையெழுத்துப் போட?” ஏழு தடவை நடந்த பிறகு ‘தோராயமாக’ என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அளவாகத் தண்ணீர் விழுந்த நாள் நூற்றைம்பது. வெள்ளம் முப்பத்தைந்து. வறட்சி நூற்றெண்பது. கூட்டினால் முந்நூற்று அறுபத்தைந்து. மனுஷன் ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போயிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று தொழிலாளிக்கும் மூன்று மனு எழுதினேன். வைகாசியில் மூவருக்கும் ஒரே நாளில் விசாரணை. டவாலி மாடியில் நின்று “எச்சரிக்கை அய்யாக்குட்டி!” என்று கூப்பிட்டான். போய்விட்டு வந்தார். “காவல் அய்யாக்குட்டி!” மறுபடி ஏறினார். ஏற்கெனவே மேலே இருக்கிறவர் அப்படியே நின்றால் என்ன என்று நான் கேட்டேன். விசாரணை முடிந்தவர் வெளியேறவேண்டும், கூப்பிடப்பட்டவர் உள்ளே வரவேண்டும் என்பது விதியாம். மூன்றாவது தடவை ஏறியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. “இந்த ஆளுக்கு மத்த ரெண்டு பேரைவிட வயசு கூடுதல் போலிருக்கு” என்று செல்லப்பா குறித்துக்கொண்டார்.

தாணுலிங்கம் தீர்ப்புச் சொன்னார். எச்சரிக்கைத் தொழிலாளி நூற்றைம்பது நாள்தான் வேலை செய்திருக்கிறார். காவல் தொழிலாளி முப்பத்தைந்து நாள். சுத்திகரிப்புத் தொழிலாளி நூற்றெண்பது நாள். “சட்டம் கேட்பது இருநூற்று நாற்பது. மூவரில் ஒருவருக்கும் தகுதி இல்லை. மூவருக்காகவும் தனித்தனியே வருந்துகிறேன்.”

“மூணு பேருக்கும் வயிறு ஒண்ணுதான்யா. மகளும் ஒண்ணுதான்” என்றார் அய்யாக்குட்டி.

“அது இந்தப் பிரிவில் வராது” என்றார் ஆபீசர்.

கீழே இறங்கி வந்து என் சாக்கில் உட்கார்ந்தார். “அவளுக்கு என்ன எழுத அண்ணாச்சி?” என்றார். கார்டு வாங்கி எழுதினேன். அப்பா வருவார் என்று எழுதினேன். எந்தத் தைரியத்தில் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கே ஒரு மேல்முறையீடும் எழுதி, ஆபீசரே நேரில் வந்து அருவிக்கரையைப் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்று கேட்டிருந்தேன். ஆடியில் சாரல் என்றால் அவர் வராமல் இருக்கமாட்டார் என்கிற கணக்குதான்.

கணக்குத் தப்பவில்லை. ஆடி இருபத்தாறாம் தேதி ஜீப் வந்து நின்றது. தாணுலிங்கம் இறங்கினார், செல்லப்பா இறங்கினார், ஆபீசரின் மைத்துனர் இறங்கினார், மைத்துனரின் இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். பைல் கட்டோடு ஒரு எண்ணெய்த் தூக்கும் இறங்கியது. கமிட்டி செக்ரட்டரி ஆதித்தன் மாலையோடு நின்றார். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அருவியில் நூறு பேருக்குக் குறையாமல் குளித்துக்கொண்டிருந்தார்கள். அய்யாக்குட்டி பாறைமேல் நின்றார். நான் மனு நகல்களை வேட்டி மடிப்பில் நனையாமல் செருகிக்கொண்டு கீழே நின்றேன்.

ஆபீசர் கோவணத்தோடு ஒரு கல்லில் உட்கார, ஒருவர் அவர் தலையில் எண்ணெய் வைத்துத் தாளம் போட ஆரம்பித்தார். விசாரணையும் ஆரம்பித்தது. செல்லப்பா குடைபிடித்துக்கொண்டு கேள்விகளை வாசித்தார்.

பாதி வாசித்திருப்பார். சைக்கிளில் கிதிர் முகம்மது வந்து குதித்தார். தென்காசியிலிருந்து மூன்று மைல் ஒரே மிதி.

“அய்யாக்குட்டி அண்ணாச்சி! உங்க மகளுக்கு நோவு கண்டுருக்கு! மாமியாக்காரி ஆசுபத்திரியில விட்டுட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சுப் போயிட்டா. எங்க கடையில இருந்து பாத்தேன். புள்ள தனியா வாசலையே பாத்துக்கிட்டு கெடக்கு.”

அய்யாக்குட்டி பாறையிலிருந்து இறங்கி வந்து ஆபீசர் முன்னால் கும்பிட்டார்.

எண்ணெய் உச்சியில் இறங்கியிருந்த நேரம். தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டே இளகினார். “செல்லப்பா, விதிகளுக்குள்ளும் கருணைக்கு இடம் உண்டு. மூன்று தொழிலாளிகளுக்கும் ஆளுக்கு நான்கு நாள் விசேஷ விடுப்பு. ஒரே காலத்தில் அனுபவித்தால் நான்கு நாள்தான் ஆகும். அடுத்தடுத்து அனுபவித்தால் பன்னிரண்டு நாள். அடுத்தடுத்து என்றே எழுதும்.”

நான் அவர் காலில் விழாத குறை. செல்லப்பா குடைக்கடியிலேயே உத்தரவு எழுதினார். ஆபீசர் எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டார். மணி பத்து நாற்பது என்று நேரமும் குறித்தார்கள்.

உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு அய்யாக்குட்டி நகரப்போனார். “நில்லும். கமிட்டிச் சொத்தை ஒப்படைச்சிட்டுப் போகணும்லா” என்றார் செக்ரட்டரி ஆதித்தன். விசிலைக் கழற்றி வாங்கி, காகிதத்தில் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, பையில் போட்டுப் பூட்டினார். பதிலுக்கு யார் நிற்பார்கள் என்று அய்யாக்குட்டி கேட்டார். பதிலாள் நியமனம் தனி பைல் என்றார் ஆதித்தன். ஆபீசரும் செல்லப்பாவும் மைத்துனரும் பிள்ளைகளும் அருவிக்குள் போனார்கள்.

அய்யாக்குட்டி மஞ்சள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிதிர் முகம்மதுவின் சைக்கிள் பக்கம் நடந்தார். முப்பது அடி போயிருப்பார். நின்றார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே வெறும் கயிறுதான் இருந்தது. பையை எறிந்தார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தார் பாருங்கள், எதிரே மலையில் இருந்த குரங்கெல்லாம் மரம் தாவின. “ஏலே, வெளிய வாங்கலே! பிள்ளைகள தூக்குங்கலே! ஏட்டி, துணி போனாப் போகுது, ஓடி வாங்கட்டி!” என்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடினார். அவர் குரலுக்குப் பழகின ஜனம் கரைக்கு ஓடிவந்தது. வராமல் நின்றது ஆபீசர்தான். விடுப்பில் இருக்கிறவர் எப்படி உத்தரவு போடலாம் என்று யோசித்தாரோ என்னவோ. மைத்துனரின் பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டுவிட்டு, மறுபடியும் உள்ளே போய் ஆபீசரின் கோவணத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே சருகு வந்தது. சருகுக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கி, அவர்கள் நின்ற இடத்தை மூடிக்கொண்டு போனது.

நூறு பேரும் கரையில் இருந்தார்கள். ஒருவர் குறையவில்லை. ஜனங்கள் அய்யாக்குட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சேற்றில் கிடந்த மஞ்சள் பையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி தாணுலிங்கம் வாய் திறந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு இத்தனை வருஷம் ஆகியும் புத்தி வரவில்லை.

“அய்யாக்குட்டி, நீர் என் உயிரைக் காப்பாற்றினீர். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் உயிருக்காகச் சட்டத்தை விட்டுக்கொடுக்கிற சுயநலக்காரன் அல்ல நான். செல்லப்பா, மணி என்ன?”

“பத்து அம்பத்தொண்ணு சார்.”

“விடுப்பு என்றால் என்ன? வேலை செய்யாமல் இருப்பது. இவர் பத்து நாற்பதுக்கு விடுப்பில் சென்றார். பத்து ஐம்பத்தொன்றுக்குப் பணி செய்திருக்கிறார். ஆகவே, விடுப்பு முடிந்தது. பதினோரு நிமிஷம் அனுபவித்தாயிற்று. மீதி காலாவதி. விடுப்பில் இருந்தபோது அனுமதியில்லாமல் பணி செய்ததற்கு எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். விளக்கம் தரும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது.”

“மகளுக்குப் பிரசவ வலி எடுத்திருக்குய்யா, மனுஷன்தானா நீரு?” என்று நான் கத்தினேன். செல்லப்பா அதையும் எழுதிக்கொண்டார்.

அய்யாக்குட்டி பையை உதறித் தோளில் போட்டார். ஆபீசர் முன்னால் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், அதனால் எல்லாருக்கும் கேட்டது.

“நீங்கதானய்யா மூணு பேருன்னு சொன்னிய. வெள்ளம் வந்துட்டு, கயிறு கட்டணும். காவல்காரன் இங்கன நிக்கான், பாத்துக்கிடுங்க. விசில்காரன் விளக்கம் எழுதிக் குடுப்பான், இருந்து வாங்கிக்கிடுங்க. பாசி தேய்க்கவனுக்கு இன்னைக்கு இங்கன சோலி இல்ல. அவன் ஆசுபத்திரிக்குப் போறான்.”

சொல்லிவிட்டுக் கிதிர் முகம்மதுவின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் போய்விட்டது. ஆபீசர் செல்லப்பாவைப் பார்த்தார். செல்லப்பா ஈரமான விதிப் புத்தகத்தைப் பிரித்தார். தாள்கள் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

பிறகு நடந்ததைக் கிதிர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆசுபத்திரி வாசலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது செண்பகவல்லியை உள்ளே கொண்டுபோக ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சேறும் எண்ணெயுமாக வந்து நின்ற ஆளை நர்சம்மா தடுத்தாளாம். “எங்கப்பா” என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்த வலியிலும், “லீவு குடுத்துட்டாவளாப்பா?” என்று கேட்டிருக்கிறாள். “குடுத்துட்டாவம்மா, குடுத்துட்டாவ” என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாராம். எனக்குத் தெரிந்து அய்யாக்குட்டி சொன்ன ஒரே பொய் அதுதான். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. பிச்சம்மாள் என்று பேர் வைத்தார்கள்.

பன்னிரண்டு நாளும் வாசலில் இருந்தார். பதின்மூன்றாம் நாள் கமிட்டிக்குப் போனபோது உத்தரவு தயாராக இருந்தது. சுத்திகரிப்புத் தொழிலாளி அய்யாக்குட்டி அனுமதி இல்லாமல் பன்னிரண்டு நாள் வராததால் வேலையிலிருந்து நீக்கம். மற்ற இரண்டு அய்யாக்குட்டிகள்மேல் புகார் ஏதும் இல்லாததால், நீர் விழும் நாட்களுக்கு மட்டும் சம்பளத்தோடு தொடரலாம். வருகைப் பதிவேட்டில் அந்த இருவரும் பன்னிரண்டு நாளும் ஆஜர் என்று ஆதித்தன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்த கோடையில் நான் குற்றாலம் போனேன். அருவி நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அய்யாக்குட்டி பாறையில் குந்தித் தேங்காய் நாரால் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நிழலில் பேத்தி ஒரு துண்டில் உட்கார்ந்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“உம்மைத்தான் நீக்கிட்டானுவளே. எவனுக்குவே தேய்க்குதீரு? சவத்த விட்டுத்தொலையும்” என்றேன்.

“தேய்க்கலன்னா ஆனியில வாரவங்க விழுந்துருவாவ அண்ணாச்சி” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே என் சாக்கில் வந்து உட்கார்ந்து, என் சொந்தச் செலவில் என் பெயரிலேயே ஒரு மனு எழுதினேன். ஐயா, சம்பளமே இல்லாமல் வருஷத்தில் நூற்றெண்பது நாள் வேலை செய்கிற ஒரு தொழிலாளிக்கு உங்கள் சட்டப்படி எத்தனை நாள் சம்பள விடுப்பு? இவ்வளவுதான் கேட்டேன். குத்தட்டும் என்றுதான் கேட்டேன்.

அவர்களுக்குக் குத்தவில்லை. எட்டு மாதம் ஆராய்ந்து பதில் போட்டார்கள். தாணுலிங்கமே கையெழுத்திட்டிருந்தார். ஊதியம் பெறாதவர் பணியில் இல்லாதவரே ஆவார். பணியில் இல்லாதவர் விடுப்பில் இருப்பவரே ஆவார். ஆகவே மேற்படி அய்யாக்குட்டிக்கு வருஷந்தோறும் நூற்றெண்பது நாள் முழுச் சம்பளத்துடன், அதாவது பூஜ்யத்துடன், விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. இந்த ராஜ்யத்தில் ஒரு தொழிலாளிக்கு வழங்கப்பட்ட மிக நீண்ட சம்பள விடுப்பு இதுதான் என்பதை இவ்வலுவலகம் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறது.

அதைக் கொண்டுபோய் அவரிடம் வாசித்துக் காட்டினேன். பாறையில் குந்தியபடியே கேட்டார். நூற்றெண்பது நாளா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். காகிதத்தை வாங்கி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் நாரை எடுத்தார்.

“அங்கன இன்னும் பாசி கெடக்கு அண்ணாச்சி, பாத்துக் கால வையுங்க” என்றார்.